முற்றத்து வண்டியும் பெட்டியிலிருந்த பாலிஸியும்

மோட்டார் வண்டி இன்ஷூரன்ஸ் என்னும் இவ்வறண்ட பொருளைக் குறித்து நம் கல்லூரி மலரில் எழுதப் புகுந்தமைக்கு அன்பர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். யான் தமிழ் கற்பிப்பவன். கணக்கிலும் சட்டத்திலும் பழக்கமில்லாதவன். இத்துறையில் எனக்குள்ள சிற்றறிவு முழுவதும் என் தந்தையாரின் மரணத்துக்கும் ஒரு பெரும் புயலுக்கும் இடைப்பட்ட எழுபத்தொரு நாட்களிலும், அதன் பின் வந்த சில வாரங்களிலும், கைப்பொருள் செலவிட்டுக் கற்றதாகும். நம் மாணாக்கருள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் சொந்த வண்டி வாங்குவர். சிலர் தந்தையாரின் வண்டிக்கு உரியவராவர். அவர்கள் பொருட்டே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் தவளக்குப்பம். புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் பெருவழியில், சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் தெற்கே செல்வார்க்கு அந்நாற்சந்தி எதிர்ப்படும். கிழக்கே திரும்பினால் நல்லவாட்டுக் கடற்கரை, நேரே தெற்கில் கிருமாம்பாக்கமும் கன்னியக்கோயிலும் கடந்தால் முள்ளோடை எல்லை, அதற்கப்பால் தமிழ்நாடு. என் தந்தையார் ஓர் ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வங்கியிற் கடன் பெற்று, ஆயிரத்திருநூறு சி.சி. ஆற்றலுடைய கார் ஒன்று வாங்கினார். வாரம் ஒருமுறை கடைத்தெருவுக்கும், மாதம் ஒருமுறை கடலூரிலுள்ள என் அத்தை வீட்டுக்கும் அது செல்லும். மற்றை நாட்களில் வேப்பமரத்தடியில் உறை போர்த்தி நிற்கும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் பாலிஸியைப் புதுப்பித்து, அக்காகிதத்தை மடித்து, தகரப்பெட்டியில் பால் கணக்குக்கும் வீட்டுவரி ரசீதுக்கும் நடுவே வைப்பது அவர் வழக்கம். அதனை அவரன்றி வேறொருவர் பிரித்துப் படித்ததில்லை. 2019-இல் வாயிற் கதவில் உரசி வண்டியின் பக்கத் தகடு நெளிந்தது. இரண்டாயிரத்தைந்நூறு ரூபாயைத் தம் கையிலிருந்தே கொடுத்துச் செப்பம் செய்தார். “இன்ஷூரன்ஸ் இருக்கும்போது வீண் செலவு ஏன், அப்பா?” என்று யான் கேட்டேன். “கேட்டால் தருவான், பிறகு ஐந்து வருஷம் என்னிடமே திரும்ப வாங்கிக்கொள்வான்” என்றார். அவர் எதனையும் கஞ்சத்தனமாகச் செய்பவர் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆந் தேதி அவர் காலமானார். பதினாறாம் நாட் சடங்குக்கு வந்தவருள், அவருக்குப் பாலிஸி எழுதிக் கொடுத்துவந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். இலையில் அமருமுன் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, வண்டி இன்ஷூரன்ஸ் பிப்ரவரி வரைக்கும் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். அப்பா போனதிலிருந்து மூன்றே மாதம்” என்றார். யானோ, சோற்றுக்கு முன் பேசத்தக்க பேச்சோ இது என்று உள்ளூர வெறுத்து, தலையசைத்துவிட்டுச் சென்றேன். மறுநாளே சென்னைக்கு வண்டியேறிவிட்டேன்.

அப்பெரியவர் கூறியது பாலிஸியிலேயே அச்சிட்டிருப்பது. உரியவர் ஒருவரே ஆகி அவர் இறப்பாராயின், பாலிஸி உடனே அற்றுப்போவதில்லை. இறந்த நாளினின்று மூன்று மாதமோ, பாலிஸியின் முடிவு நாளோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை உயிரோடிருக்கும். அதற்குள் வாரிசுகள் இறப்புச் சான்றிதழும், வண்டி தமக்குரியதாயிற்று என்பதற்கான ஆதாரமும், மூல பாலிஸியும் கொண்டு விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ளல் வேண்டும். எனவே பிப்ரவரி 14 என்று அச்சிட்டிருந்த முடிவு நாள் எங்கள் வரையில் டிசம்பர் 20 ஆகிவிட்டது. காகிதத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது எங்கள் வீடு.

போக்குவரத்து விதிகளும் இதனோடு ஒத்தனவே. உரியவர் இறந்த முப்பது நாட்களுக்குள், இன்னார் வண்டியைப் பயன்படுத்தப் போகின்றார் என்று பதிவதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த முப்பது நாட்களையும் யான் கவனியாமல் கடத்திவிட்டேன்.

அக்காலத்தில் என் தம்பி வேலையிழந்து வீட்டில் இருந்தான். வண்டியைச் சும்மா நிறுத்துவானேன் என்று, அயலாரை மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஏற்றிச்செல்லத் தொடங்கினான். முதலில் பெட்ரோல் செலவு மட்டும் பெற்றான். பின்னர் இருநூறு முந்நூறு கூடுதலாகவும் பெற்றான். ஒருநாள் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு இதனை எனக்குக் கூறினான். யானும் மகிழ்ந்தேன். நல்லவேளையாக அவன் அப்பெரியவரையும் சந்தையில் கண்டு, வண்டியை முழு வாடகைக்கே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கின்றான். அவர், “வெள்ளை போர்டு வண்டி, தம்பி. கூலிக்கு ஒரு சவாரி போய் ஏதாவது ஆனால், காகிதத்தைப் பார்த்து முதலில் கேட்பது அதைத்தான்” என்று கடிந்துரைத்தாராம். சொந்த உபயோகத்துக்கென எழுதிய பாலிஸி, கூலிக்கு ஆளேற்றுவதையும், பந்தயம் ஓட்டுவதையும், தன் சாமானன்றிப் பிறர் சரக்கேற்றுவதையும் வெளிப்படையாக விலக்குகின்றது. வாடகைக்கு விட வேண்டின், மஞ்சள் போர்டுக்கு மாற்றி, பர்மிட் பெற்று, அதற்குரிய வேறு பிரீமியம் செலுத்தல் வேண்டும். பகலெல்லாம் சாலையில் ஓடும் வண்டிக்கும் வேப்பமரத்தடியில் உறங்கும் வண்டிக்கும் ஆபத்து ஒன்றாகாது, விலையும் ஒன்றாகாது. அன்றே தம்பி அத்தொழிலை விட்டான்.

அவன் ஓட்டிய அந்நாட்களை நினைத்தால் இன்னொன்றும் என் நெஞ்சை நடுக்குகின்றது. 2018-ஆம் ஆண்டு முதல், உரிமையாளரே வண்டி ஓட்டுங்கால் நேரும் விபத்துக்கென 15 லட்சம் ரூபாய்க்குத் தனிக் காப்பு உண்டு. அது பதிவுப் புத்தகத்திற் பெயருள்ள உரிமையாளருக்கே உரியது. என் தந்தையார் பெயரில் இருந்த அக்காப்பு, அவருக்குப் பின் அவ்வண்டியை ஓட்டிய என் தம்பியைச் சாராது. இதனை யான் அறிந்தது டிசம்பர் மாதத்தில்.

நவம்பர் 30-ஆந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரையேறியது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆந் தேதி வந்த தானே புயலை எங்களூரார் மறந்தவரல்லர். அது காற்றால் அழித்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. பலாவும் முந்திரியும் பட்ட பாடு கடலூர்ப் பக்கத்தார் இன்றும் சொல்வர். ஃபெஞ்சலோ நீரால் அழித்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. யான் சென்னையில் இருந்தேன். எங்கள் முற்றத்தில் காரின் இருக்கை மட்டத்துக்கு நீர் நின்றது என்று அம்மா தொலைபேசியில் கூறினார்கள். பின்னர்த் தொடர்பு அறுந்தது.

மறுநாட்காலை நீர் சக்கரத்தின் பாதியளவுக்கு இறங்கியவுடன், என் தம்பி வண்டியை மேட்டுக்கு நகர்த்தும் நல்லெண்ணத்தோடு சாவியைத் திருப்பினான். ஒருமுறை இருமியது. மீண்டும் திருப்பினான். மூன்றாம் முறை ‘கடக்’ என்னும் ஓசையோடு அடங்கிவிட்டது. மோட்டார் எஞ்சினுக்குள் பிஸ்டன் காற்றையே அழுத்துதற்கு அமைந்தது. காற்று சுருங்கும், நீர் சுருங்காது. நீர் புகுந்த உருளையில் பிஸ்டன் மேலெழுங்கால் அதனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். நீரில் நின்ற வண்டியைத் தொடாது கயிறு கட்டியிழுத்துப் பட்டறையிற் சேர்ப்பித்தால், பெரும்பாலும் கழுவித் துடைத்து எண்ணெய் மாற்றுவதோடு போம். சாவியைத் திருப்பியதால் எஞ்சினே போயிற்று. சாதாரண பாலிஸியில் வெள்ளத்தால் நேர்ந்த சேதத்துக்கு ஈடு உண்டு. நீரில் நின்ற வண்டியை இயக்கியதன் விளைவாக எஞ்சின் கெட்டால், அது பின்விளைவு எனக் கொள்ளப்பட்டு ஈடு மறுக்கப்படும். எஞ்சின் காப்பு என்று தனியே சிறு தொகை செலுத்திச் சேர்த்துக்கொண்டாலன்றி அது கிடைப்பதரிது. 2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ பேர் கற்ற பாடம் இது. கடலையும் ஆற்றையும் இருபுறமும் வைத்துக்கொண்டு வாழ்ந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. தந்தையாரும் அதனைச் சேர்த்திலர். 2017-இல் எங்கள் தெருவில் நீர் நின்றதில்லை. பின்னர்ச் சுற்றிலும் மனைகள் எழுந்து, வாய்க்கால் தூர்ந்து, எங்கள் முற்றம் பள்ளமாயிற்று. அதனையும் பாலிஸிக்குச் சொல்வாரில்லை.

யான் ஊர் சேர்ந்தபின் கோரிக்கைப் படிவம் கொடுத்தோம். மூன்று மாதக் கெடுவுக்குள் இருபது நாள் எஞ்சியிருந்தமையால் அது ஏற்கப்பட்டது. சர்வேயர் வருமுன் நாள் இரவு யான் நினைத்தது ஒன்றை மறையாது எழுதுகின்றேன். தம்பியை அழைத்து, “நீ ஸ்டார்ட் செய்ததைச் சொல்லாதே” என்று கூறலாமா என்று நெடுநேரம் விழித்திருந்தேன். எஞ்சின் செப்பத்திற்கு அறுபத்தெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்று பட்டறையார் கூறியிருந்தார். அம்மாவிடம் இருந்ததோ ஈமச் சடங்குக்குப் பின் எஞ்சிய சிறு சேமிப்பு. கூறுதற்கு வாயெடுத்தேன்; அவன் உறங்கிவிட்டிருந்தான்.

சர்வேயர் இளைஞர், பண்போடு பேசினார். வண்டியைச் சுற்றிவந்து படமெடுத்தபின், “தண்ணீர் வடிவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?” என்று கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். யான் ஒன்றும் கூறினேனல்லேன். “மூன்று தடவை, சார்” என்றான் அவன். அவர் எழுதிக்கொண்டார். எஞ்சினைப் பிரித்திருந்தால் வளைந்த தண்டே அதனைச் சொல்லியிருக்கும் என்று பின்னர்ப் பட்டறையார் கூறியபோது எனக்கு நாணம் மேலும் மிகுந்தது.

இருக்கை, தரை விரிப்பு, மின்கம்பி முதலியவற்றுக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பில் ஆயிற்று. ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளுக்குப் பாதி விலையே கணக்கிடப்படும். ஐந்தாண்டு கடந்த வண்டியின் உலோக உறுப்புகளுக்கு நூற்றுக்கு நாற்பது கழிக்கப்படும். ஆயிரத்தைந்நூறு சி.சி.க்குட்பட்ட காருக்கு உரியவர் தாமே தாங்கவேண்டிய ஆயிரம் ரூபாயும் கழிந்தது. இருபத்து நான்காயிரம் கிடைத்தது. எஞ்சினுக்குரிய அறுபத்தெட்டாயிரத்தை யானும் தம்பியும் கடன் வாங்கிச் செலுத்தினோம்.

இனிப் பிரீமியம் ஏறிய கதை. பாலிஸியில் இரு பகுதி உண்டு. நம் வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்குக்கானது சட்டத்தால் கட்டாயம். அதன் தொகையை அரசு வகுக்கின்றது. 2022-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆந் தேதி முதல் வகுத்தபடி, எங்கள் கார் போன்றவற்றுக்கு ஆண்டொன்றுக்கு 3,416 ரூபாய். அது எவர் ஓட்டினும் எத்தனை முறை கோரிக்கை வைப்பினும் மாறாது. நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது மற்றொரு பகுதி. 2007-ஆம் ஆண்டு முதல் இதனைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. இதில்தான் கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான கழிவு உண்டு: முதலாண்டுக்குப்பின் நூற்றுக்கு 20, பின்னர் 25, 35, 45, ஐந்தாண்டுக்குப்பின் 50. இக்கழிவு வண்டியைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. வண்டியை விற்பவர் தம் கழிவைத் தம்முடனே கொண்டுபோய் மூன்றாண்டுக்குள் வாங்கும் வேறு வண்டிக்கு இடலாம். வாங்குபவர்க்கு அது செல்லாது. பாலிஸி முடிந்து தொண்ணூறு நாள் புதுப்பியாதிருப்பின் அழிந்தே போம். ஆயினும் உரியவர் இறந்து, வண்டி மனைவிக்கோ மக்களுக்கோ பெற்றோர்க்கோ வருமாயின், கழிவும் உடன் வரும். விதிகளுள் இவ்வொன்றே எனக்கு இரக்கமுடையதாகத் தோன்றிற்று. வீடு, நிலம், கடன் என்பவற்றோடு, ஒரு மனிதன் கவனமாக வாழ்ந்த ஐந்தாண்டும் மக்களுக்கு உடைமையாக வருகின்றது.

அவ்வுடைமையை யாங்கள் பெற்ற அன்றே செலவிட்டுவிட்டோம். கழிவில்லாத சேதப் பிரீமியம் 7,200 ரூபாய். என் தந்தையார் செலுத்தியது அதில் பாதி, 3,600. ஒரு கோரிக்கை வைத்தவுடன் கழிவு சுழியமாயிற்று. விலை மாறாதெனக் கொண்டு கணக்கிட்டால், முதலாண்டு 3,600, இரண்டாமாண்டு 2,160, பின்னர் 1,800, 1,080, 360 என ஐந்தாண்டில் ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதலாகச் செலுத்துவோம். இருபத்து நான்காயிரம் பெறுதற்கு ஒன்பதாயிரம் இழத்தல் தகும். இரண்டாயிரத்தைந்நூறு பெறுதற்குத் தகுமோ? வாயிற் கதவில் உரசிய நாளில் என் தந்தையார் செய்த கணக்கு இதுவே. யான் அதனைப் போட்டுப் பார்த்தது ஐந்தாண்டு கழித்து, அவரது பழைய பேரேட்டின் பின்பக்கத்தில்.

இடையே வண்டியைச் சென்னைக்கே கொண்டுபோய்விடலாம் என்றும் எண்ணினேன். அதற்கும் கணக்குண்டு. சென்னை, மும்பை, புதுதில்லி உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்களிற் பதிவான கார்கள் ஒரு மண்டலம். புதுச்சேரி உட்பட ஏனைய இடங்கள் மற்றொன்று. பெருநகர மண்டலத்துக்கு விலை சிறிது கூடுதல். முகவரி மாறின் முப்பது நாட்களுக்குள் பதிவதிகாரிக்குத் தெரிவித்தலும், வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி தங்குமாயின் அங்கே மறுபதிவு செய்தலும் சட்டம். எங்கள் புதுச்சேரியில் வண்டி வரி குறைவாதலின், ஊருக்கு வராதவரும் ஊர் முகவரி காட்டிப் பதிவு செய்வதுண்டு. 2017-ஆம் ஆண்டில் கேரளத்தில் இதன்பொருட்டு வழக்குகள் எழுந்து பத்திரிகைகளெல்லாம் பேசின. வரியைப் பற்றியே எல்லோரும் பேசினர். பொய் முகவரியின்மேல் எழுதிய பாலிஸி, விபத்து நாளில் என்ன கேள்விகளை எழுப்பும் என்று யான் கண்ட அளவில் ஒருவரும் கேட்டிலர்.

எங்கள் பெருவழிக்கு எல்லை புதிதன்று. இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் 1939-இல் இயற்றப்பெற்று, பிறர்க்கான கட்டாய இன்ஷூரன்ஸ் 1946-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆந் தேதி நடைமுறைக்கு வந்தபோது, தவளக்குப்பம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கடலூரில் கட்டாயமான காகிதம் முள்ளோடைக்கு வடக்கே அச்சட்டத்தாற் கட்டாயமன்று. பிரான்ஸ் தேசமோ 1958-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அத்தகைய சட்டம் செய்தது. அதற்கு முன்னரே, 1954 நவம்பர் 1-ஆந் தேதி, புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. நடப்பிலுள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இன்ஷூரன்ஸின்றி ஓட்டுவோர்க்கு முதன்முறை இரண்டாயிரம் ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு.

விற்பவர்க்கும் ஒரு சொல். வண்டி கைமாறின், பிறர்க்கான பகுதி தானே புதியவர்க்கு மாறியதாகக் கொள்ளப்படும் என்கிறது அச்சட்டத்தின் 157-ஆம் பிரிவு. பதினான்கு நாட்களுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்கவும் அது கூறுகின்றது. சொந்தச் சேதத்துக்கான பகுதி அவ்வாறு தானே மாறாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மேலும், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரியவர், பல கை மாறியிருப்பினும் பொறுப்பு அவரதே என்று 2018-இல் அதே நீதிமன்றம் கூறிற்று. விற்ற காசைச் செலவிட்டபின் பல்லாண்டு கழித்து விபத்து வழக்கில் சம்மன் பெறுவோர் உண்டு.

வாரிசுச் சான்றிதழ் டிசம்பர் 12-ஆந் தேதி தாலுகா ஆபீஸில் கிடைத்தது. வண்டியைத் தம்பி பெயருக்கு விட்டுக்கொடுத்து அம்மாவும் யானும் கையொப்பமிட்டோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் தாமதத்துக்கான கட்டணம் செலுத்தினோம். டிசம்பர் 19-ஆந் தேதி மாலை, கெடுவுக்கு ஒருநாள் முன், பாலிஸியில் அவன் பெயர் ஏறிற்று. பதினாறாம் நாளில் யான் முகங்கொடுத்துப் பேசாத அப்பெரியவரே என்னோடு மூன்று நாள் அலைந்தவர். பிப்ரவரியில் புதுப்பிக்கும்போது, எஞ்சின் காப்பும், தம்பி பெயரில் பதினைந்து லட்சக் காப்பும் சேர்த்தோம். ஓடும் தூரத்துக்கேற்ப விலை கொள்ளும் முறையொன்று 2022 முதல் உண்டென்றும் அவர் கூறினார். தந்தையார் காலத்து ஓட்டத்துக்கு அது பொருந்தியிருக்கும். தம்பிக்கு இப்போது கடலூரில் வேலை; நாள்தோறும் முள்ளோடையைக் கடந்து போய்வருகின்றான்.

பழைய பாலிஸிகள் எட்டும் இன்னும் தகரப்பெட்டியில் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தபோது, எட்டிலும் வங்கியின் பெயர் கடன் கொடுத்தவராக அச்சாகியிருப்பதைக் கண்டேன். கடன் 2022-இலேயே அடைந்துவிட்டது; பதிவுப் புத்தகத்தில் அக்குறிப்பை நீக்கத் தந்தையாரும் மறந்திருக்கின்றார். வண்டி முழுதும் அழிந்திருப்பின் ஈட்டுத்தொகை முதலில் வங்கியையே தேடிச் சென்றிருக்கும். கடனில்லை என்னும் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் பெறுதற்கு வரும் திங்கட்கிழமை தம்பி வங்கிக்குச் செல்கின்றான்.